உச்சித்தட்டுக்கு ஒரு கைநாட்டு

ஜனவரி 9

என் மகளுக்கு,

இது அப்பா. யாரும் எழுதித் தரவில்லை, நானே எழுதுகிறேன். பேனாவை அழுத்திப் பிடிப்பதால் தாளின் பின்பக்கம் மேடும் பள்ளமுமாக இருக்கும். தடவிப் பார்.

எழுபத்தொரு வயதில் படிக்கக் கற்றுக்கொண்டேன். நூலகத்தின் பின்னறையில் செவ்வாயும் வெள்ளியும் வகுப்பு. நூலக அம்மாதான் நடத்துகிறார். நாங்கள் ஐந்து பேர். சலவைக்கடை அக்காமார் இரண்டு பேர், ஒரு தையல்காரர், கப்பலில் சமையல் வேலை பார்த்த ஒருவர், நான். கப்பல்காரர் முதல் நாளே சொன்னார்: "உலகம் பூரா சுத்தினேங்க. எந்தத் துறைமுகத்துல இறங்கினேன்னு பலகையைப் பார்த்துச் சொல்லத் தெரியாது."

நம் தெரு முனை ரொட்டிக்கடைக் கதவில் 'தள்ளவும்' என்று எழுதியிருக்கிறது, உனக்குத் தெரியுமா? முப்பது வருஷமாக நான் அதை இழுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் உள்ளேயிருந்து ஓடிவந்து திறந்துவிடுவார். கோயிலில் மணியடிப்பவர் என்ற மரியாதை என்று நினைத்திருந்தேன்.

போன மாதம் முதல் பாடப் புத்தகம் முடிந்தது. நூலக அம்மா கேட்டார்: "அடுத்து என்ன படிக்கப் போறீங்க?"

"என் மக எழுதின புத்தகம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நிஜமாவா கேக்கறீங்க?"

"விளையாட்டுக்கா கேப்பேன்?"

சாவியை எடுத்து மேசை இழுப்பறையைத் திறந்தார். ஆறு வருஷமாக அது அதற்குள்தான் இருந்திருக்கிறது. அலமாரியில் இல்லாமல் இழுப்பறையில் ஏன் இருந்தது என்று கேட்டேன். "முதல்ல படிங்க" என்று கையில் கொடுத்துவிட்டார்.

'நான்காவது காவலாளி'. அட்டையில் உன் பெயர். அதை மட்டும் படிக்க எனக்கு அரை நாள் ஆனது என்று எழுத ஆசை. ஆனால் உன் பெயரைத்தான் முதலில் எழுதக் கற்றேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது.

இந்தப் புத்தகம் வந்தபோது ஆளாளுக்கு எனக்குக் கதை சொன்னார்கள். ஆண்டவர் உயிர்த்தெழுந்ததே பொய் என்று உன் மகள் எழுதிவிட்டாள் என்றார்கள். நான் கோபப்பட்டேன், மறைக்க மாட்டேன். ஆனால் அது கேட்டு வந்த கோபம். இப்போது படிக்கிறேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறேன். பழைய ஏடுகளைக் காக்கும் அந்தப் பெண் கோயில் கோபுரத்தில் ஒற்றைக் கையால் தொங்குகிறாள். நீ அதைப் பத்துப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு பக்கம்தான் முடியும். திங்கட்கிழமையிலிருந்து தொங்குகிறாள். நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது, அவள் தொங்கிக்கொண்டிருக்க நாம் சாப்பிடுகிறோமே என்று இருந்தது.

உன் முகவரி என்னிடம் இல்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பதிப்பகத்தின் முகவரி இருந்தது. அங்கே அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தில் அதை மட்டும்தான் பார்த்தேன், கதையின் முடிவை ஒரு கையால் மறைத்துக்கொண்டேன்.

அப்பா

*

பிப்ரவரி 2

ஐயா,

கடிதத்தைப் பதிப்பகம் அனுப்பிவைத்தது. யார் எழுதியது என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. என் தகப்பனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோயில் பேரவைச் செயலாளர் இதற்கு முன்பும் எனக்குத் தாள் அனுப்பியிருக்கிறார். இது அவருடைய இன்னொரு வேலையாகவும் இருக்கலாம்.

என் தகப்பனாருக்கும் எனக்கும் இறந்துபோன என் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. எனக்கு ஏழு வயதில் காய்ச்சல் வந்தது. அந்த வாரம் கோயில் மணி சரியாகக் கேட்கவில்லை. ஏன்?

தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் இத்தோடு விடுங்கள்.

இந்நூலை எழுதியவள்

*

பிப்ரவரி 20

எறும்புக்கு,

உன்னை எறும்பு என்று கூப்பிட்டதும் நம் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கோயிலிலிருந்து வீட்டுக்குக் கடத்திக் கொண்டுபோய்க் கட்டிலுக்கடியில் சேர்த்தாயே, அப்போது வைத்த பெயர்.

உன் கேள்விக்குப் பதில். நம் வீடு மணிக்கூண்டை ஒட்டியே இருந்தது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் நீ காய்ச்சலில் தூக்கிவாரிப் போட்டு எழுந்தாய். அம்மா தன் கம்பளிச் சால்வையைக் கொடுத்தாள். நான் மேலே ஏறி மணியின் நாக்கில் அதைச் சுற்றிக் கட்டினேன். ஐந்து நாள், மணி தலையணையில் குத்துகிற மாதிரி கேட்டது. ஃபாதர் கேட்டதற்கு நாக்கில் விரிசல் என்று சொன்னேன். "பார்த்து அடிங்க, உடைஞ்சிடப் போகுது" என்றார். எனக்குத் தெரிந்து நான் ஃபாதரிடம் சொன்ன ஒரே பொய் அது. நம் கோயிலில் நடந்த ஒரே சதியும் அதுதான். ஆள் மொத்தம் மூன்று பேர்.

நீ இவ்வளவு சந்தேகப்பட்டதில் எனக்குக் கோபமே வரவில்லை. உன் கதையில் யார் கடிதம் வந்தாலும் அந்தப் பெண் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாளே. அம்மா இருந்திருந்தால், 'பொண்ணு எழுதினதை அவளே நம்பிட்டா' என்றிருப்பாள்.

ஒன்று புரியவில்லை. உன் கடிதத்தின் கீழே 'இந்நூலை எழுதியவள்' என்று போட்டிருக்கிறாய். நூலக அம்மாவிடம் காட்டினேன். "இந்தப் புத்தகத்தை எழுதினவள்னு அர்த்தம்" என்றார். அது தெரியும். மகள் என்று ஏன் போடவில்லை? அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவள் கோபுரத்திலிருந்து இறங்கிவிட்டாள். நிம்மதி. இப்போது நிலவறையில் பூட்டிவிட்டார்கள். நீ ஏன் அந்தப் பெண்ணை ஓர் இடத்தில் உட்கார விடமாட்டேன் என்கிறாய்?

ஒவ்வொரு வகுப்பிலும் நான் உன் கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆண்டவரின் கல்லறையைக் காவல் காத்த நான்கு பேர் கல்லைப் புரட்டி உடலை வேறு இடத்துக்குக் கொண்டுபோனதாக, நான்காவது ஆள் சாகும்போது எழுதிவைத்த கடிதம். அதை ஒரு மண் ஜாடிக்குள் அடைத்து, தலைமுறை தலைமுறையாக மறைத்துக் காக்கும் மௌனக்காரர்கள். அதைப் படித்தவனையெல்லாம் கொன்றுவிடுகிறார்கள். சலவைக்கடைப் பெரியக்கா, "அடப் பாவிங்களா, படிக்கக் கத்துக்கிட்டதே ஆபத்தாப் போச்சே" என்றார். சின்னக்கா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். முதலில் காதைப் பொத்திக்கொண்டார். இப்போது நான் தாமதமாக வந்தால், "ஜாடி என்ன ஆச்சு?" என்று முதல் ஆளாகக் கேட்கிறார்.

அப்பா

*

மார்ச் 3

அப்பாவுக்கு,

சால்வை என்று படித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன். பின்பக்கத்தைத் தடவியும் பார்த்தேன்.

நீங்கள் எழுதக் கற்றுக்கொண்டது பெரிய விஷயம் அப்பா. நான் எத்தனையோ பேருடைய எழுத்தைத் திருத்திக் கொடுத்திருக்கிறேன். தொங்கிக்கொண்டிருக்கிறவளை நினைத்துச் சாப்பிடமுடியாமல் போனதாக ஒருவரும் எனக்கு எழுதியதில்லை. அந்த அத்தியாயத்தை 'வேகம்' என்று பாராட்டினார்கள். வேகமாகப் படித்தவர்கள் அவளைச் சீக்கிரம் மறந்தும்போனார்கள்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள் விசுவாசம் இல்லை. நடிக்க வராது. ஆனால் உங்கள் விசுவாசத்தைக் கேலி செய்ய அந்தப் புத்தகத்தை எழுதவில்லை. இருபத்திரண்டாம் அத்தியாயம் வரை படித்துவிட்டு எழுதுங்கள். அது யாருக்காக எழுதியது என்று அப்போது தெரியும்.

அதற்குப் பிறகு உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். இப்போது கேட்கத் தைரியம் இல்லை.

எறும்பு என்று போடலாமா என்று யோசித்தேன். இன்னும் கை வரவில்லை.

*

ஏப்ரல் 18

எறும்புக்கு,

முடித்துவிட்டேன். நாலரை மாதம். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடைசி வரியைப் படித்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். ஏன் என்று தெரியவில்லை, பெரிய மனிதர் யாரோ அறையைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

இருபத்திரண்டாம் அத்தியாயத்தைச் சொல்கிறேன். மௌனக்காரர்கள் ஜாடியை ஒருவரிடம் கொடுத்துவைக்கவேண்டும். படிக்கத் தெரிந்தவன் எவனையும் நம்ப முடியவில்லை. கடைசியில் எழுத்து தெரியாத ஒரு மணியடிப்பவரைப் பிடிக்கிறார்கள். அவர் நாற்பது வருஷம் அந்த ஜாடியைத் தூசி தட்டித் தட்டி வைக்கிறார். அந்தப் பெண் வந்ததும் மணியின் நாக்கைத் துணியால் கட்டி, அவளைக் கயிற்றில் ஏற்றிவிடுகிறார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. இதுக்காக மனுஷன் சாகிறான்னு தெரியும். எடுத்துக்கிட்டுப் போ, கயித்தை நான் பிடிச்சுக்கறேன்."

அந்த இரண்டு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் வாயிலிருந்து வந்த மாதிரியே எழுதியிருக்கிறாய். பதினொரு பேர் சாகிற புத்தகம், மணியடிப்பவருக்கு ஒரு கீறல் கூட இல்லை. வகுப்பில் சொன்னேன், "என்னைக் கொல்லலை." கப்பல்காரர் கை தட்டினார்.

இப்போது ஒரு குற்றம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். முப்பத்தோராம் அத்தியாயத்தில் நான்கு காவலாளிகளும் கல்லை 'ஓசையின்றி ஒரே மூச்சில்' புரட்டினார்கள் என்று எழுதியிருக்கிறாய். நம் கோயில் நிலவறையின் மூடுகல்லை நானும் மூன்று பேரும் புரட்டியிருக்கிறோம். கடப்பாரை இரண்டு, ஆப்பு ஆறு, உருளைக்கட்டை வேறு. கல் அசையும்போது பன்றி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். தெருவில் போகிறவன் நின்று கேட்பான். ஒரே மூச்சிலா? எங்களுக்குக் காலையிலிருந்து மதியம் வரை ஆனது. ஒருவருக்குக் கால்விரல் போனது. உன் நான்கு பேரும் யாருக்கும் தெரியாமல் இதைச் செய்திருக்க முடியாது. நான் இதை விசுவாசத்தால் சொல்லவில்லை, இடுப்பு வலியால் சொல்கிறேன்.

விசுவாசம் என்று எடுத்தால், புத்தகத்தை முடித்த ஞாயிற்றுக்கிழமையும் கோயிலுக்குப் போனேன். எப்போதும் உட்காரும் இடத்தில்தான் உட்கார்ந்தேன். கல்லறை வாசகத்தை வாசித்தார்கள். முன்பெல்லாம் காதில் விழும், போகும். அன்றைக்கு, யார் காவல் நின்றார்கள், கல் எந்தப் பக்கம் புரண்டது, யார் முதலில் எட்டிப் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கவனித்துக் கேட்டேன். அது உன் புத்தகம் செய்த வேலை. உனக்கு விசுவாசம் இல்லை என்கிறாய். அது உனக்கும் ஆண்டவருக்கும் உள்ள பேச்சு. நடுவில் புகுந்து பேச எனக்கு வழக்கமில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். புத்தகம் வந்த வருஷம் இரண்டு முறை உனக்குப் போன் செய்தேன். "அப்பா பேசறேன்" என்றதும் வைத்துவிட்டாய். பெரிய எழுத்தாளர் ஆனதும் மணியடிக்கிற அப்பா வேண்டாமோ என்று இருந்துவிட்டேன். ஆனால் இருபத்திரண்டாம் அத்தியாயத்தை எழுதினவள் அப்படி நினைக்கமாட்டாள். அப்படியானால் ஏன்?

அப்பா

*

ஏப்ரல் 29

அப்பாவுக்கு,

நான் கேட்கவேண்டும் என்றது இதைத்தான். நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

புத்தகம் வந்த மூன்றாம் மாதம் பதிப்பகத்துக்குச் செயலாளரிடமிருந்து ஒரு தாள் வந்தது. நூலகத்துக்கு நீங்கள் கொடுத்த மனுவின் நகல். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அது போலியாக இருக்குமோ என்று முதலில் பார்த்தேன். கீழே உங்கள் பெருவிரல் ரேகை. குறுக்கே, கயிறு அறுத்த தழும்பு. சின்ன வயதில் அந்தத் தழும்பைப் பிடித்துக்கொண்டுதான் தெருவைக் கடப்பேன். எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதீர்கள். உங்களால் இப்போது முடியும். நீங்களே படியுங்கள்.

*

மே 6

மகளுக்கு,

படித்தேன். ஆறு வரி.

அப்படியே எழுதுகிறேன், நான் படித்தேன் என்று உனக்குத் தெரியட்டும்.

'இக்கோயிலில் முப்பத்தெட்டு ஆண்டுகள் மணியடித்த நான் நூலகக் குழுவினரைக் கேட்டுக்கொள்வது. மேற்படி நூலைச் சிறுவர்கள் கைக்கு எட்டாத உச்சித்தட்டில் வைக்க வேண்டுகிறேன். இதைக் குழு ஏற்கும் என நம்புகிறேன். நூலை முற்றிலும் அகற்றுவது இன்னும் நலம். இந்நூலை எழுதியவள் என் மகள் அல்ல. இன்றுமுதல் அவளுக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை.'

முதல் மூன்று வரியைத்தான் செயலாளர் எனக்குப் படித்துக் காட்டினார். கோயில் அலுவலகத்தில், பச்சை மேசைக்குப் பக்கத்தில். "அவ்வளவுதான் அண்ணே, பிள்ளைங்க எடுத்துடக் கூடாது பாருங்க, மேல் தட்டுல வைக்கச் சொல்றோம்" என்றார். புத்தகத்தில் கொலை இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். சரி, பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று விரலை வைத்தேன். மை துடைக்க அவரே துணி கொடுத்தார்.

ஐந்தாவது வரியைப் படிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. எல்லாம் தெரிந்த எழுத்து.

உன் ஜாடியைத் தூசி தட்டியவன் நான்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் ஆறு வருஷம் இருந்துவிட்டேன்.

இதற்குமேல் எழுத வரவில்லை.

அப்பா

*

மே 14

அப்பா,

உங்கள் கடிதம் வந்ததும் வேலை மேசையிலிருந்த எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன்.

என் நாவலில் ஒரு கடிதம் உண்மையா பொய்யா என்று பதினைந்து அத்தியாயம் விசாரிக்கிறார்கள். மை, தாள், கையெழுத்து, யாருக்கு லாபம், யார் கொண்டுவந்தது என்று ஒன்றையும் விடவில்லை. எனக்கு வந்த தாளை நான் ஒரு நாள்கூட விசாரிக்கவில்லை. விரல் உங்களுடையது என்று பார்த்தேன். வார்த்தை உங்களுடையதா என்று பார்க்கவில்லை. நீங்கள் ஒருநாளும் 'எவ்வித உறவும்' என்று பேசமாட்டீர்கள். அதை நான் கவனித்திருக்கவேண்டும். வார்த்தைதானே என் தொழில்.

போனை வைத்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள். இரண்டாம் முறை வைத்துவிட்டு, மறுபடி வரும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. நீங்களும் என்னை மாதிரிதான், மூன்றாம் முறை கேட்கமாட்டீர்கள்.

தூசி தட்டியவனைத் திட்டாதீர்கள். என் புத்தகத்தில் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் விலைபோகிறார்கள், அந்த மணியடிப்பவரைத் தவிர. அவரை எழுதும்போது நான் எதையும் கற்பனை செய்யவேண்டியிருக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு, இதை அப்பாவால் படிக்கமுடியாதே என்று மட்டும் இருந்தது. நீங்கள் படித்தே காட்டிவிட்டீர்கள். இத்தனை வருஷத்தில் இதைவிடப் பெரிய விஷயத்தை நான் யாரிடமும் பார்க்கவில்லை.

ஒரு செய்தி. இரண்டாம் பதிப்பு வருகிறது. கல்லைப் பற்றி நீங்கள் எழுதியதைப் பதிப்பாசிரியரிடம் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார். இத்தனை விமர்சனம் வந்தது, இறையியல் பேராசிரியர்கள்கூட நீளநீளமாக மறுத்து எழுதினார்கள். அந்தக் கல் எவ்வளவு கனம் என்று யாரும் கேட்கவில்லை. முப்பத்தோராம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதவேண்டும். என் நான்கு காவலாளிகளுக்கும் யாராவது வேலை கற்றுக்கொடுத்தால்தான் முடியும்.

ஜூன் கடைசியில் பத்து நாள் விடுப்பு இருக்கிறது. நான் வரலாமா?

எறும்பு

*

ஜூன் 20

எறும்புக்கு,

இவ்வளவு நாள் பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. வேறு ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் செயலாளரைப் பார்க்கப் போனேன். திட்டுவதற்கு நான்கு வார்த்தை எழுதியே வைத்திருந்தேன். சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு போனதில் தாள் வீட்டிலேயே தங்கிவிட்டது. நீ அனுப்பின மனுவை மட்டும் மேசைமேல் வைத்தேன்.

"அன்னிக்கே முழுசாப் படிச்சுக் காட்டினேனே அண்ணே."

"மூணு வரி படிச்சீங்க. இதுல ஆறு இருக்கு."

"வயசாச்சு, உங்களுக்கு மறந்திருக்கும்."

"படிக்கத் தெரியாதவன் மறக்கமாட்டான் தம்பி. எழுதி வைக்க வழி இல்லாததால எல்லாத்தையும் தலைக்குள்ளதான் வச்சிருப்பான். இந்த மேசை அப்ப பச்சை. துணி நீங்கதான் குடுத்தீங்க."

அவர் மேசையைப் பார்த்தார். இப்போது அதற்குப் பழுப்பு வண்ணம் அடித்திருக்கிறார்கள். "கோயில் பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான் அண்ணே செஞ்சேன்" என்றார்.

"கோயில் பேரைக் காப்பாத்த என் மகளை எடுத்துட்டீங்களே" என்றேன். "அந்தப் புத்தகத்தை நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். "படிங்க. மணியடிக்கிறவன் பிழைச்சுக்குவான், பயப்படாம படிங்க." வந்துவிட்டேன்.

அடுத்து நூலகக் குழுவுக்கு ஒரு மனு எழுதினேன். என் கையால். ஒன்பது நாள். நூலக அம்மா திருத்தித் தருகிறேன் என்றார். வேண்டாம், நான் எழுதினது நான் எழுதினதாகவே இருக்கட்டும் என்றேன்.

நேற்றுக் கூட்டம். நீள மேசையைச் சுற்றி ஏழு பேர். நானே நின்று படித்தேன், வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு. பாதியில் குழுத் தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குப்பிறகு நான் அவசரப்படவில்லை. நான் கேட்டது இரண்டே விஷயம். பழைய மனுவை ரத்து செய்யவேண்டும். புத்தகத்தை இழுப்பறையிலிருந்து அலமாரிக்கு எடுத்து வைக்கவேண்டும்.

"எந்தத் தட்டுல வைக்கலாம்?" என்று ஒருவர் கேட்டார்.

"உச்சித்தட்டுல" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன், "அன்னிக்கு நான் விரலை வச்சது அதுக்குத்தாங்க. அது மட்டும் நான் சொன்ன சொல். பதினொரு கொலை இருக்கு, சின்னப் பிள்ளைங்களுக்கு எட்டக் கூடாது. பெரியவங்களுக்கு ஒரு முக்காலி போட்டுடுங்க."

முக்காலி போட்டுவிட்டார்கள். இன்று காலை சலவைக்கடைச் சின்னக்கா முதல் ஆளாக அதில் ஏறி நின்றார். ஆனால் புத்தகத்தை அவருக்குக் கொடுப்பதற்கு முன் நூலக அம்மாவிடம் ஒரு நிமிஷம் அதை வாங்கிக்கொண்டேன். முதல் பக்கத்தில் ஒன்றும் அச்சடிக்காமல் வெள்ளையாக இடம் இருக்கிறதே, அங்கே பேனாவை வைத்தேன்.

"நூலகப் புத்தகத்துல எழுதக் கூடாதுங்க" என்றார்.

"ஒரு வரிம்மா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எழுதி முடிக்கும்வரை திரும்பவே இல்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். பிறகு வந்து படித்தார். நூலகத்தின் வட்ட முத்திரையை மையில் ஒற்றி, நான் எழுதினதற்குக் கீழே அழுத்தி வைத்தார். "இனிமே இது நூலகப் பதிவு" என்றார்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். ரயில் எத்தனை மணிக்கு என்று எழுது. நிலையத்தில் பலகையைப் படித்து நானே நடைமேடையைக் கண்டுபிடித்து நிற்பேன், நீ தேடவேண்டாம். கடப்பாரைகளைத் துரு போகத் தேய்த்து வைத்திருக்கிறேன். நிலவறையின் மூடுகல்லைக் காட்ட ஃபாதரிடம் கேட்டுவிட்டேன். "நாவலுக்கா?" என்று சிரித்தார், சரி என்றார். பழைய செருப்பு போட்டுக்கொண்டு வா, கால்விரல் பத்திரம்.

முதல் பக்கத்தில் என்ன எழுதினேன் என்று வந்து நீயே பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பொறுக்கமுடியவில்லை.

'இந்நூலை எழுதியவள் என் மகள்.'

அப்பா